வைகை நீர்த்தேக்கத்து ஜிலேபிக் கெண்டை: வளர்ச்சி, உடற்செழுமை, பால்விகிதம் – ஒரு வரலாற்று நோக்கு

கம்பம் பள்ளத்தாக்கின் நீரியல் வரலாற்றில் 1895 ஓர் எல்லைக்கோடாகும். அவ்வாண்டு பயன்பாட்டிற்கு வந்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே கடலுக்குச் சென்ற நீரை மலைச்சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பியது. அந்நீர் சுருளியாற்றின் வழியே வைகையை அடைகிறது. 1959-இல் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை எழுந்தபோது, ஓடிய ஆற்றின் ஒரு பகுதி நின்ற நீராயிற்று. பாசன வரலாறாக அறியப்பெற்ற இம்மாற்றம் மீன்களின் வரலாறாகவும் வாசிக்கத்தக்கது.

நின்ற நீருக்கு ஏற்ற மீனும் ஏறத்தாழ அக்காலத்திலேயே வந்தது. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட திலேப்பியா, 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்திற்குக் கொண்டுவரப்பெற்றது. ஜிலேபிக் கெண்டை என மக்கள் வழங்கும் இம்மீனின் பெண், முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்துக் காக்கும். அந்நாள்களில் இரை குறைவதால் அதன் வளர்ச்சி தடைப்படுகிறது. ஆண் பெரிதாக வளர்கிறது. நெரிசல் மிகின் சிற்றளவிலேயே முதிர்ந்து, மீண்டும் மீண்டும் இனம் பெருக்கும். எண்ணிக்கை மிக, உடல் குன்றும்.

இக்குன்றலை அளவுகோல் காட்டுமா என்பதே சிக்கல். ஃபுல்டனின் பழைய முறை எடையை நீளத்தின் முப்படியால் வகுப்பது. வளரும்போது உடல்வடிவம் மாறாது என்பது அதன் எடுகோள். லெ கிரென் 1951-இல் விண்டர்மியர் ஏரியின் பெர்ச் மீனை ஆராய்ந்து, ஒரு மீனின் எடையை அதே நீளத்திற்கு எதிர்பார்க்கப்படும் எடையோடு ஒப்பிட்டார். எதிர்பார்ப்பு அத்தொகையிலிருந்தே பெறப்படும்போது சராசரி 1-ஐ ஒட்டியே அமையும். தொகை முழுதும் குன்றியிருப்பினும் அவ்வாறே அமையும். ஆகவே 1 என்பதைக் கண்டவுடன் ‘மீன்கள் நலமாக உள்ளன’ என முடிவுரைப்பது பொருந்தாது. சினைப்பை முதிர்ந்த பெண்ணின் கூடுதல் எடையைச் செழுமையெனக் கொள்வதும் அத்தகையதே.

பால்விகிதத்தில் வலையின் பங்கு மிகுதி. அகன்ற கண்ணியுள்ள செவுள்வலை பெரிய மீன்களையே பிடிக்கும். அவற்றுள் ஆண்கள் மிகுவது இயல்பு. கரையோர ஆழமற்ற நீரில் குழிதோண்டிக் காத்திருப்பனவும் ஆண்களே. அங்கு வீசப்பெறும் வலையும் அவற்றையே மிகுதியாகக் கொணரும். 1:1 என்பதிலிருந்து விலகலைக் கை-வர்க்கச் சோதனை மெய்ப்பித்தாலும், அது பிடிபட்டவற்றைப் பற்றிய சான்றே.

தென்மேற்குப் பருவத்தில் பெரியாற்று நீரும் வடகிழக்குப் பருவத்தில் சொந்த நீர்ப்பிடிப்பின் வரத்தும் வைகை அணையை நிரப்புகின்றன. நீர் இறங்கினால் கரையோரக் குழிகள் காய்ந்துவிடும். எனவே பழைய அளவீடுகளை இன்றையவற்றோடு ஒப்பிடுவோர், வலைக்கண்ணியின் அளவையும் மாதத்தையும் அந்நாளின் அணை நீர்மட்டத்தையும் உடன்வைத்தே ஒப்பிடவேண்டும்.