பட்டா இல்லாத நான்கு தலைமுறை: மூணாறு லயங்களின் வரலாறு

2020 ஆகஸ்ட் 6 இரவு, இடுக்கி மாவட்டத்தின் பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு வரிசை லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்ததால், செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில்தான். இறந்தவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றைப் பூர்வீகமாகக் கொண்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் அவர்தம் பிள்ளைகளும் ஆவர். ஒரே குடும்பத்தின் பல கிளைகள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்திருந்தன. நான்கு தலைமுறைகளாக அம்மலையில் உழைத்தவர்களுக்கு அங்கே சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாமற்போனது எவ்வாறு? இக்கேள்விக்கான விடை மழையில் இல்லை. நில ஆவணங்களில் இருக்கிறது.

1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்தினரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பெற்றார். ஓர் ஆவணத்தின் வழியே ஒரு லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட மலைநிலம் கைமாறியது. அக்காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முதுவர்கள் அந்த ஆவணத்தில் ஒரு தரப்பாகக்கூட இடம்பெறவில்லை. சிங்கோனாவும் காப்பியும் பயிரிட்டுப் பார்க்கப்பட்டன. இறுதியில் நிலைத்தது தேயிலை. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவாயிற்று.

நிலம் கிடைத்தது, உழைக்க ஆள் வேண்டும். திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளின் வறண்ட ஊர்களுக்குக் கங்காணிகள் அனுப்பப்பட்டனர். அவர்கள் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தனர். நிலமற்ற குடும்பங்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவை, போடிநாயக்கனூர் வழியாக மலையேறின. ஊரில் பண்ணையாரிடம் பட்ட கடனிலிருந்து தப்ப வந்தவர்கள், மலையில் கங்காணியிடம் கடன்பட்டவர்களாக வாழ்வைத் தொடங்கினர்.

அவர்களைக் குடியமர்த்தக் கட்டப்பட்டதே லயம். வரிசை என்று பொருள்படும் ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லே தமிழர் நாவில் லயமாயிற்று. இலங்கை மலையகத்திலும் இச்சொல் வழங்குகிறது. ஒரே கூரையின் கீழ் ஒட்டியொட்டி அமைந்த வீடுகள். ஒவ்வொன்றிலும் ஓர் அறை, ஒரு சிறு சமையலிடம், முன்புறம் ஒரு திண்ணை. மேட்டில் துரையின் பங்களா, இடையில் அலுவலர் குடியிருப்பு, அவற்றுக்கு அப்பால் லயம். யார் எந்தத் தட்டில் இருக்கிறார் என்பதைத் தோட்டத்தின் அமைப்பே காட்டிவிடும்.

ஆயினும் லயத்தின் சிறுமை அதன் அளவில் மட்டும் இல்லை. அது வேலையோடு கட்டப்பட்ட வீடு. வேலை உள்ளவரை வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். வீட்டைத் தக்கவைத்துக்கொள்ள ஒரே வழி, மகனோ மகளோ மருமகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்துகொள்வது. தந்தை விட்டுச் செல்லும் சொத்து மகனைச் சேர்வது உலக வழக்கம். இங்கே கூடையும் கத்தியுமே பரம்பரையாகக் கைமாறின. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு வசதியை முதலாளியின் கடமையாக்கியது. அது தொழிலாளருக்கு நன்மை பயத்த சட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வீட்டை உரிமையாக அல்லாமல் வேலையின் பகுதியாகவே அதுவும் கண்டது.

சொந்த வீடில்லாதவர் சொந்த ஊரில்லாதவராகவும் எண்ணப்படுவார் என்பதை 1956 காட்டியது. மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கோரி மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. தோட்டத் தமிழர்கள் வந்துபோகும் கூலிகளே, நிலையான குடிகள் அல்லர் என்னும் வாதம் எதிர்த்தரப்பில் வலுவாக வைக்கப்பட்டது. இரண்டு வட்டங்களும் கேரளத்தோடே நின்றன. எல்லை எந்தப் பக்கம் சென்றிருந்தாலும் லயம் லயமாகவே இருந்திருக்கும் என்பது வேறு. ஆனால் அங்கேயே பிறந்து, அங்கேயே இறந்தோரை வந்துபோகிறவர் என்று சொல்ல முடிந்தமைக்குக் காரணம், அவர்கள் பெயரில் ஒரு பட்டாகூட இல்லாமையே.

அதன்பின் வந்தது நிலச்சீர்திருத்தம். இந்தியாவுக்கே முன்மாதிரி என்று போற்றப்படும் கேரள நிலச்சீர்திருத்தம் 1970 ஜனவரி 1 முதல் முழுவீச்சில் நடைமுறைக்கு வந்தது. நிலவுடைமையாளரின் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர்கள், ஊராட்சிப் பகுதிகளில் பத்து சென்ட் வரை சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை பெற்றனர். பல லட்சம் ஏழைகள் தலைநிமிர்ந்த தருணம் அது. ஆனால் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. லயத்துக் குடிகளுக்கு அந்தப் பத்து சென்ட் எட்டவில்லை. சமவெளியின் குடிசைவாசி நிலமுடையவர் ஆனார். மலையின் தொழிலாளி இருந்த இடத்திலேயே இருந்தார்.

1971இல் கண்ணன் தேவன் மலைகளை மீட்கும் சட்டத்தைக் கேரள அரசு இயற்றியது; மறு ஆண்டே உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. வேளாண் மக்களின் நலனுக்காக நிலத்தைப் பகிர்வதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். ஏறத்தாழ 57,000 ஏக்கர் கம்பெனியிடம் விடப்பட்டது; ஏறத்தாழ 70,000 ஏக்கர் அரசின் வசமாயிற்று. வரையாடுகளுக்காக இரவிகுளம் 1978இல் தேசியப் பூங்கா ஆனது, அது போற்றத்தக்கதே. அந்தப் பூங்காவின் விளிம்பில் இருந்த பெட்டிமுடித் தொழிலாளியோ, மேலும் நாற்பது ஆண்டுகள் கழித்தும் லயத்திலேயே இருந்தார்.

2005இல் தோட்டங்கள் புதிய கம்பெனிக்கு மாறியபோது ஊழியரும் தொழிலாளரும் பங்குதாரர்கள் ஆக்கப்பட்டனர். பங்குச்சான்று வந்தது, வீட்டுப்பத்திரம் வரவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 2015 செப்டம்பரில், போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து ஆயிரக்கணக்கான கொழுந்து பறிக்கும் பெண்கள் மூணாற்றில் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்தனர். அவர்களது அன்றைய நாட்கூலி 232 ரூபாய். நிருவாகத்தோடு இணைந்துபோனவை என்று குற்றஞ்சாட்டி எல்லாக் கட்சிகளின் தொழிற்சங்கங்களையும் விலக்கி நிறுத்தினர். ‘பெம்பிளை ஒருமை’ என்று பின்னர் அறியப்பட்ட அப்போராட்டம் ஒன்பது நாளில் இருபது விழுக்காடு போனஸைப் பெற்றுத் தந்தது. ஐந்நூறு ரூபாய்க் கூலி கேட்டவர்களுக்கு அடுத்த மாதம் 301 ரூபாய் கிடைத்தது. கூலி ஏறியது, வீட்டின் நிலை மாறவில்லை.

பெட்டிமுடிச் சரிவுக்கு மறுநாள் கோழிக்கோட்டில் விமான விபத்து நேர்ந்தது. அங்கே இறந்தோரின் குடும்பங்களுக்கு மாநில அரசு பத்து லட்சமும், பெட்டிமுடியில் இறந்தோரின் குடும்பங்களுக்கு ஐந்து லட்சமும் அறிவித்தது. அந்த வேறுபாடு அன்றே கேள்விக்குள்ளானது. பின்னர் குற்றியாறு பள்ளத்தாக்கில், அரசு நிலத்தில், எட்டுக் குடும்பங்களுக்கு வீடுகள் கட்டித் தரப்பட்டன. எழுபது உயிர்களுக்குப் பிறகு எட்டு வீடுகள்.

பட்டா இல்லாமையின் விளைவுகள் வீட்டோடு முடிவதில்லை. கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற, 1950க்கு முன்பிருந்தே குடும்பம் அங்கே வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். பாட்டன் பெயரில் நிலமோ வீடோ இல்லாதவர் எந்தத் தாளைக் காட்டுவார்? சான்றிதழ் இல்லையேல் கல்வியிலும் வேலையிலும் இடஒதுக்கீடு இல்லை. அது இல்லையேல் மீண்டும் தோட்டமே கதி.

இன்று இளைஞர்கள் பலர் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கிச் செல்கின்றனர். காலியாகும் லயங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் குடியேறுகின்றனர். கொழுந்து பறிக்கும் கைகள் மாறியிருக்கின்றன. வேலை போனால் வீடும் போகும் என்னும் ஏற்பாடு மாறவில்லை. வருமான ஏற்றத்தாழ்வைக் கூலி உயர்வால் ஓரளவு குறைக்கலாம். ஆனால் சேமிக்கவும், கடன் பெறவும், பிள்ளையை வேறு தொழிலுக்கு அனுப்பவும், முதுமையில் அஞ்சாதிருக்கவும் ஒருவருக்குக் காலூன்ற ஓர் இடம் வேண்டும். கேரளத்தின் சமவெளி ஏழைக்கு 1970இல் கிடைத்த அந்தப் பத்து சென்ட், மலையேறிச் செல்ல இன்னும் காத்திருக்கிறது.