குண்டு விழாத ஊரின் போர்

அத்தியாயம் 23

இரண்டு உலகப் போர்களிலும் திருத்தணியில் ஒரு குண்டுகூட விழவில்லை. போர்க்களப் பட்டியல் எதிலும் அந்த ஊர் கிடையாது. பிறகு இந்தத் தொடரில் அதற்கென்ன வேலை என்று கேட்பீர்கள். குண்டு விழாத ஊர் என்பதற்காகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஜெர்மானியத் தளபதி லூடன்டார்ஃப் 1935இல் ஒரு புத்தகம் எழுதினார். ‘முழுப் போர்’ என்பதே அதன் தலைப்பு. சிப்பாய் மட்டும் சண்டை போட்டால் போதாது. உழவன், நெசவாளி, ரயில்காரன், அடுப்பூதும் பெண் என்று நாடு மொத்தமும் போருக்காகவே மூச்சு விட வேண்டும் என்பது அவர் கட்சி. எழுதியவர் ஜெர்மானியர் என்றாலும் அடுத்த பத்தாண்டுகளில் எல்லா வல்லரசுகளும் அதைத்தான் செய்தன. பிரிட்டன் செய்தபோது அதன் கணக்கில் நாமும் இருந்தோம். எங்களைக் கேட்டுவிட்டா போருக்குள் இழுத்தீர்கள் என்று சொல்லி 1939இல் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. மதராஸில் ராஜாஜியும் விலகினார். அதற்காகப் போர் நிற்கவில்லை.

அன்றைய திருத்தணி, சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்து ஊர். 1960 ஏப்ரல் 1 அன்றுதான் எல்லை மாறி ஆந்திரத்திலிருந்து தமிழகப் பக்கம் வந்தது. நம் கதைக்கு எல்லையைவிட முக்கியமானது ரயில் பாதை. மதராஸிலிருந்து அரக்கோணம், அங்கிருந்து வடக்கே திரும்பி திருத்தணி, ரேணிகுண்டா, அப்படியே பம்பாய். எம்.எஸ்.எம். (மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா) ரயில்வேயின் உயிர்நாடி அது. கடற்கரையிலிருந்து எண்பது கிலோமீட்டர் சொச்சம் உள்ளே, ரயில் நிற்கிற ஊர். பயந்து ஓடுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

ஓட்டம் என்றால் மதராஸ்காரர்களுக்கு முன் அனுபவம் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. அரை மணி நேரம்கூட இல்லை. ஆனால் அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு ரயிலடிக்கு வந்துவிட்டார்கள்.

அந்த முதல் போரின் நடுவில் திருத்தணி மலையில் நடந்த ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். ஜனவரி முதல் தேதி என்றால் உத்தியோகஸ்தர்கள் மாலையும் எலுமிச்சம்பழமுமாகத் துரை வீட்டு வாசலில் காத்துக் கிடந்த காலம். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917 டிசம்பர் 31 இரவு அடியார்களைக் கூட்டிக்கொண்டு, படிக்குப் படி திருப்புகழ் பாடி மலையேறினார். துரைகளுக்கெல்லாம் துரை, முருகன், மேலே இருக்கிறான், அவனைப் பார்ப்போம் என்பது அவர் எண்ணம். 365 படிகள். இன்றும் ஆண்டுதோறும் நடக்கும் திருப்படித் திருவிழா அதுதான். அதே 1917இல்தான் போர்ச் செலவுக்காக பிரிட்டனுக்கு இந்தியாவின் ‘அன்பளிப்பு’ பத்துக் கோடி பவுன் என்று டெல்லியில் முடிவானது. பணம் பெரும்பாலும் போர்க்கடன் பத்திரம் விற்றுச் சேர்க்கப்பட்டது. துரைக்கு மாலை போட்ட கையோடு பத்திரமும் வாங்கித் தொலைக்க வேண்டியிருந்த காலம். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுச் சொல்ல என்னிடம் ஆவணம் இல்லை. ஆனால் துரை வாசலை விட்டு மலைப்படிக்கு ஆட்கள் திரும்பியதற்கு அந்த ஆண்டைவிடப் பொருத்தமான ஆண்டு இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

இனி 1942. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8 அன்று ரங்கூன். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. ஜப்பான் கப்பற்படை மதராஸை நோக்கி வருவதாகத் தகவல் என்று கவர்னர் ஆர்தர் ஹோப்பின் அரசு பதறியது. நகரத்தில் வேலை இல்லாதவர்கள் வெளியேறிவிடுங்கள் என்று அறிவிப்பு வந்தது. ஹைகோர்ட்டே கோயம்புத்தூருக்குப் போயிற்று. மிருகக்காட்சி சாலையில் குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று, சிங்கம் புலிகளைப் போலீஸை விட்டுச் சுட்டுத் தள்ளினார்கள். ஜப்பான்காரன் கையால் ஒரு மதராஸ்வாசி சாவதற்கு முன்பே, சொந்த அரசின் கையால் அந்த விலங்குகள் செத்தன.

தகவல் தவறு. ஏப்ரல் 9 அன்று திருகோணமலையைத் தாக்கிவிட்டு அந்தக் கப்பற்படை கிழக்கே திரும்பிப் போய்விட்டது. மதராஸ் காலியாகிக்கொண்டிருந்தபோது எதிரி தன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்! மதராஸ்மேல் குண்டு விழுந்தது 1943 அக்டோபரில், ஒற்றை விமானத்திலிருந்து. சேதம் கொஞ்சம்தான். அதற்குள் ஓடிப்போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்து, பூட்டிய வீட்டைத் திறந்து, தூசி தட்டிக் குடியிருந்தார்கள்.

ஓட்டம் முடிந்த பிறகும் போர் போகவில்லை. அரக்கோணத்தில் விமானத்தளம் வந்தது. இன்றைய கடற்படையின் ராஜாளி தளம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. திருத்தணியிலிருந்து கூப்பிடு தூரம். செங்குன்றம் ஏரியில் நீர்விமானங்கள் இறங்கின. என்ஜின்களும் பெட்டிகளும் மத்திய கிழக்குக்குக் கப்பலேறின. ஷொரனூர்–நிலம்பூர் போன்ற கிளைப்பாதைகளில் தண்டவாளத்தையே பெயர்த்தெடுத்தார்கள். மிஞ்சிய வண்டிகளில் முதல் இடம் பட்டாளத்துக்கு, அடுத்தது சரக்குக்கு. யாத்திரைக்காரர்கள் கடைசி. 1942 கும்பமேளாவின்போது அலகாபாத்துக்கு டிக்கெட் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து ரயிலில் திருத்தணிக்கு வந்து பழகிய ஊர்கள் அந்த ஆண்டுகளில் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அரிசிக்கு வருவோம். எல்லாக் கதையும் அங்கேதான் வந்து நிற்கிறது. போருக்கு முன் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி வந்தது. சென்னை மாகாணம் அதை நம்பி உலை வைத்த மாகாணங்களில் ஒன்று. ரங்கூன் விழுந்த அன்றே அந்த வரத்து அறுந்தது. 1943இல் மதராஸ் நகரில் ரேஷன் வந்தது. அட்டை, கியூ, அளந்து போடும் கல்லும் குறுநொய்யும் கலந்த அரிசி. கிருஷ்ணாயிலுக்கு ஒரு வரிசை, துணிக்கு ஒரு வரிசை. எங்கள் தொழிலையும் விடவில்லை. காகிதக் கட்டுப்பாட்டால் பத்திரிகைகள் பக்கம் குறைந்து இளைத்தன. எழுத்தாளன் சுருக்கமாக எழுதக் கற்றுக்கொண்டதற்கு ஹிட்லர்தான் காரணம் என்று ஒரு பழைய ஆசிரியர் வேடிக்கையாகச் சொல்லுவார்.

கையிலிருந்த காசும் மாறியது. 1940இல் வெள்ளி ரூபாயில் வெள்ளியின் அளவைப் பாதியாக்கினார்கள். அதே ஆண்டு ஒரு ரூபாய் நோட்டு வந்தது. 1943இல் வந்தது ஓட்டைக் காலணா. நடுவில் வட்டமாகத் துளை போட்ட செம்புக் காசு. துளையில் மிச்சமான செம்புகூடப் போருக்கு வேண்டியிருந்தது. பிள்ளைகள் அதைக் கயிற்றில் கோத்து அரைஞாணில் கட்டிக்கொண்டார்கள். பழைய பெட்டியைக் கிளறினால் இன்றைக்கும் பல வீடுகளில் ஒன்று கிடைக்கும். அந்தச் சின்னத் துளைக்குப் பின்னால் பெரிய கணக்கு இருக்கிறது. பிரிட்டன் இங்கே வாங்கிய பொருளுக்கெல்லாம் லண்டனில் பற்று எழுதி வைத்துக்கொண்டது. இங்கே அதற்கு ஈடாக நோட்டு அச்சடித்தார்கள். 1939இல் சுமார் 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம் 1945இல் 1,100 கோடியைத் தாண்டியது. நெல் ஆறு மடங்கா விளையும்? விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. வரி என்று பெயர் சொல்லாமல் வாங்கப்பட்ட வரி அது. கூலிக்காரனும் மாதச் சம்பளக்காரனும்தான் கட்டினார்கள்.

சிப்பாயின் வீடும் கட்டியது. பக்கத்து மாவட்டமான வடக்கு ஆற்காட்டில் பட்டாளம் பரம்பரைத் தொழில். வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டையை இன்றும் ராணுவப்பேட்டை என்கிறார்கள். வீட்டுக்கு ஒருவர் படையில். ஆனால் முதல் போருக்குப் பின் வெள்ளைக்காரத் தளபதிகள், தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை, வடக்கத்தி ‘வீர இனங்கள்’தான் சரி என்று சொல்லி மதராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் படைதான் தப்பியது. ஹிட்லர் ஐரோப்பாவை விழுங்கிய பிறகு அந்தத் தத்துவம் காற்றில் போயிற்று. 1941இல் மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுந்து பர்மா முனைக்குப் போனது. போர் முடியும்போது இந்தியப் படையில் 25 லட்சம் பேர் இருந்தார்கள். கட்டாயச் சேர்ப்பு கிடையாது, எல்லோரும் தாமாக வந்தவர்கள் என்று பெருமையாக எழுதுவார்கள். அரிசி விற்ற விலையில் ஒரு வீட்டுக்கு மாதாமாதம் மணியார்டர் வரும் என்றால், அந்தத் ‘தாமாக’ எவ்வளவு தாமாக என்று நான் யோசிப்பதுண்டு.

எகிப்திலும் இத்தாலியிலும் இருந்த இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்துச் சுருக்கம் எழுதி வைத்தார்கள். 1943ஆம் ஆண்டுச் சுருக்கங்களில் திரும்பத் திரும்ப வருவது ஜெர்மானியன் இல்லை. ஊரில் தானியம் என்ன விலை, அனுப்பிய பணம் போதுகிறதா, வீட்டில் சாப்பிடுகிறார்களா என்பதுதான். வங்கத்தில் அந்த ஆண்டு பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்தார்கள். குண்டு விழும் இடத்தில் இருந்தவன், குண்டு விழாத ஊரை நினைத்துப் பயந்தான்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் காஞ்சிபுரத்தை அடுத்த கீழ் ஒட்டிவாக்கத்துக்காரர், மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ. கண்ணிவெடி அகற்றும் வேலை. கருவியைத் தரையோடு தரையாக ஆட்டிக்கொண்டு ஒருவர் முன்னே போக, மற்றவர்கள் பின்னே பாதையை அடையாளம் வைத்துக்கொண்டு வருவார்கள். முன்னே போனவரின் கால் ஒரு வெடியில் பட்டுவிட்டது. அந்த வகை வெடி உடனே வெடிக்காது. பொறி தட்டிச் சில விநாடி கழித்துத்தான். பயிற்சி பெற்றவனுக்கு அந்த இடைவெளி தெரியும். தரையில் விழுந்து தப்பிக்கலாம். சுப்பிரமணியன் வெடியின் மேலேயே விழுந்தார். உடனிருந்தவர்கள் பிழைத்தார்கள். இறந்தபின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் பதக்கம். அதைப் பெற்ற முதல் இந்தியர் என்பார்கள். முருகன் பேர் வைத்துக்கொண்டு, யாருடைய சண்டையிலோ, பேர் தெரியாத மண்ணில் போன அந்த மனிதரை, காஞ்சிபுரத்திலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

அவருக்காவது பதக்கம் இருந்தது. சீருடை போடாமல் போரில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அதுவும் இல்லை. ரங்கூன் விழுந்தபோது பர்மாவிலிருந்து நாலைந்து லட்சம் இந்தியர்கள் கிளம்பினார்கள், பெரும்பாலோர் நடந்தே. வடக்கு ஆற்காடு வெங்களத்தூரில் பிறந்து, ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் மனைவியோடு அந்தக் கூட்டத்தில் ஒருவர். அந்த நடையை அவர் புத்தகமாகவே எழுதினார். எழுதத் தெரிந்த ஒருவர் அந்தக் காட்டு வழியில் நடந்ததால் நமக்கு அந்தக் கதை கிடைத்தது. கூட நடந்து வழியிலேயே விழுந்த கூலிகளின் கதையை எழுத யாரும் இல்லை.

மலேயாத் தோட்டங்களில் நடந்தது இன்னும் கொடுமை. தோட்டக் கூலிக்கு ஆள் பிடித்த மாவட்டங்களில் வடக்கு ஆற்காடும் ஒன்று. ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட முடிவு செய்தார்கள். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று சொல்லிப் பார்த்தார்கள். ஆள் போதவில்லை. இலவச சினிமா என்று அழைத்து, கொட்டகைக் கதவை அடைத்து, அப்படியே லாரியில் ஏற்றியதாகத் தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். கூலி கிடைத்தவர்களுக்கும் வாழைமரம் அச்சடித்த நோட்டுதான். 1945க்குப் பிறகு அது அடுப்பெரிக்க உதவியது. 1942 அக்டோபரில் தொடங்கி ஓராண்டில் பாதை முடிந்தது. காலரா, மலேரியா, பசி. நேசநாட்டுக் கைதிகள் அறுபதாயிரம் பேர் வேலை செய்தார்கள். பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம். செத்தவர்களைச் சரியாக யாரும் எண்ணவில்லை, தொண்ணூறாயிரம் என்கிறது ஒரு மதிப்பீடு. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்கு ஏறக்குறைய ஏழாயிரம் தனித்தனிக் கல்லறைகள் உண்டு. தமிழனுக்குப் பேர் பொறித்த கல் கிடையாது.

1944இல் இம்பால் பக்கம் வந்து பாருங்கள்: ஆங்கிலேயர் அணியில் மதராஸ் ரெஜிமென்ட் தமிழன். எதிர் அணியில், மலேயாத் தோட்டத்திலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழன்.

திருத்தணியில் பிறந்த ஒருவரும் அந்த ஆண்டுகளில் போரோடு மல்லுக்கு நின்றார். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அப்போது காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் மாணவர்கள் இறங்கியதும், பல்கலைக்கழக வளாகத்தையே போர் மருத்துவமனையாக மாற்றிவிட நினைத்தார் மாகாண கவர்னர் ஹாலெட். ராதாகிருஷ்ணன் டெல்லிக்கு ஓடி, வைஸ்ராய் லின்லித்கோவைப் பார்த்து அதைத் தடுத்தார். இருபது ஆண்டு கழித்து, 1962 அக்டோபர் 26 அன்று, சீனப் போருக்காக நாட்டின் முதல் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவராகக் கையெழுத்திட்டவரும் அவரே.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. இந்தியப் படையில் பெரும்பாலோரைக் கணக்குத் தீர்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். லாரி ஓட்டக் கற்றவன் லாரிக்குப் போனான். ஒன்றும் கற்காதவன் பழைய வயலுக்கே போனான். போய்ப் பார்த்தால் ஊரில் போர் முடிந்திருக்கவில்லை. கன்ட்ரோல் விலை, நெல் கொள்முதல், அட்டை, கியூ, கறுப்பு மார்க்கெட் எல்லாம் அப்படியே இருந்தன. சுதந்திரம் வந்தது, குடியரசு வந்தது, முதல் பொதுத்தேர்தலும் நடந்து முடிந்தது. அட்டை மட்டும் போகவில்லை. சென்னை மாநிலத்தில் உணவுக் கட்டுப்பாட்டை ராஜாஜி எடுத்தது 1952 ஜூனில், கடைசிக் குண்டு வெடித்து ஏறக்குறைய ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு.

(தொடரும்)