பவுச்டிபியும் அதன் செருகுநிரல்களும் - ஒரு வரலாற்றுப் பார்வை

வெளியூர்க் கிளையில் இருக்கும் கணக்குப்பிள்ளை, தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் கிடைக்கவில்லை என்பதற்காக அன்றைய வரவு செலவை எழுதாமல் விட்டுவிடுவாரா? மாட்டார். தன்னிடம் இருக்கும் குறிப்பேட்டில் எழுதி வைப்பார். தொடர்பு கிடைத்ததும் இரண்டு இடத்துக் கணக்கையும் ஒப்பிட்டுச் சரிக்கட்டிக் கொள்வார்கள். ஆனால் இணையதளங்களுக்கு இந்தச் சாமர்த்தியம் வெகுகாலம் இல்லை. இணைப்பு அறுந்தால் வேலையும் அறுந்துவிடும்!

உலாவிக்குள்ளேயே ஒரு குறிப்பேட்டை வைத்துவிட முயன்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம்தான் பவுச்டிபி. அதன் கதையை விடச் சுவையானது அதன் செருகுநிரல்களின் (அதாவது பிளகின்களின்) கதை.

தாய் வீடு

லோட்டஸ் நோட்ஸ் மென்பொருளில் பணியாற்றிய டேமியன் காட்ஸ், 2005-ல் சொந்தப் பணத்தைச் செலவழித்துக் கவுச்டிபி என்ற தரவுதளத்தைத் தொடங்கினார். நோட்ஸிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட யோசனை இதுதான்: ஒரே தரவின் பிரதிகள் பல கணினிகளில் தனித்தனியே இயங்கலாம், பிறகு ஒன்றோடொன்று ஒத்திசைந்து கொள்ளலாம். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு திருத்த எண் உண்டு. இரண்டு இடங்களில் ஒரே ஆவணம் மாறியிருந்தால், எல்லாப் பிரதிகளும் ஒரே விதிப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். தோற்ற திருத்தமும் அழிந்து போகாது. கவுச்டிபி 2008-ல் அப்பாச்சி அறக்கட்டளையின் முதல்நிலைத் திட்டமாயிற்று.

இதே ஒத்திசைவை உலாவிக்குள் கொண்டுவர 2010-ல் மிக்கீல் ராஜர்ஸ் தொடங்கியதுதான் பவுச்டிபி. பவுச் என்றால் சிறு பை. பின்னர் டேல் ஹார்வி அதைப் பொறுப்பேற்று வளர்த்தார். நோலன் லாசன், கால்வின் மெட்காஃப் போன்றவர்கள் கைகொடுத்தார்கள்.

எதற்குச் செருகுநிரல்?

ஆளுக்கு ஒரு தேவை வந்தது. ஒருவருக்குச் சொல் தேடல் வேண்டும், இன்னொருவருக்கு மறைகுறியாக்கம், மற்றொருவருக்குக் கடவுச்சொல் நுழைவு. எல்லாவற்றையும் உள்ளே திணித்தால் சிறு பை மூட்டையாகிவிடும்! அந்த மூட்டையை மெதுவான இணைப்பில் தரவிறக்கப் போகிறவர் பயனர்தான்.

இதற்கு வழி ஏற்கெனவே இருந்தது. 2006-ல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேக்வெரி, சிறிய மையமும் வெளியார் எழுதும் செருகுநிரல்களும் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டியிருந்தது. பவுச்டிபியும் அவ்வழியே சென்றது. அதில் 'பிளகின்' என்றே ஒரு செயற்கூறு உண்டு. அதனிடம் பெயரும் செயற்கூறுமாக ஒரு பட்டியலைக் கொடுத்தால் போதும். அன்று முதல் எல்லாத் தரவுதளங்களுக்கும் அந்தப் புதிய திறமை வந்துவிடும்.

ஓர் உதாரணம். பவுச்டிபியில் ஓர் ஆவணத்தைத் திருத்த, முதலில் அதைப் படித்து, திருத்த எண்ணைப் பார்த்து, அந்த எண்ணோடு சேர்த்து எழுத வேண்டும். இடையில் வேறு யாராவது மாற்றியிருந்தால் 409 என்ற பிழை வரும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தச் சுற்று முழுவதையும் ஒரே கட்டளையாக்கியது 'அப்சர்ட்' என்ற சிறு செருகுநிரல். மையத்தில் ஒரு வரியைக்கூடத் தொடாமல்!

சோதனைக் காலம்

இந்த அமைப்பின் உண்மையான மதிப்பு தெரிந்தது ஒரு வீழ்ச்சியின்போதுதான். உலாவிக்குள் தரவைச் சேமிக்க வெப் எஸ்கியூஎல் என்றொரு முறை இருந்தது. எல்லோரும் எஸ்கியூலைட் என்ற ஒரே மென்பொருளையே அடியில் வைத்திருந்ததால், இது பொதுத் தரமாகாது என்று 2010 நவம்பரில் டபிள்யூ3சி அமைப்பு அந்தப் பணியை நிறுத்தியது. அதன் இடத்துக்கு இண்டெக்ஸ்ட்டிபி வந்தது. ஆனால் ஆப்பிளின் சஃபாரியில் அது சில வருடங்கள் பிழைகளோடு இருந்ததால் பழையதையும் கைவிட முடியவில்லை.

பவுச்டிபி இரண்டையும் 'அடாப்டர்' என்ற கழற்றி மாட்டும் பாகங்களாக வைத்திருந்தது. 2018-ல் வந்த 7.0 பதிப்பில் வெப் எஸ்கியூஎல் பாகம் மையத்திலிருந்து கழற்றப்பட்டது. வேண்டியவர்கள் செருகுநிரலாகச் சேர்த்துக் கொள்ளலாம். 2023-ல் குரோம் உலாவியின் 119-ஆம் பதிப்பு வெப் எஸ்கியூஎல்லை நீக்கியது. அதை நேரடியாக நம்பி எழுதியவர்கள் தங்கள் சேமிப்புப் பகுதியைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. பவுச்டிபியை நம்பியவர்களுக்கு மாற வேண்டியது அடியில் இருந்த பாகம் மட்டுமே.

இது நிரலாளர்களின் சௌகரியம் மட்டும் அல்ல. மெடிக் என்ற லாப நோக்கற்ற அமைப்பின் கம்யூனிட்டி ஹெல்த் டூல்கிட், பவுச்டிபியைக் கொண்டே இணைப்பில்லா நேரத்திலும் இயங்குகிறது. கென்யா, உகாண்டா, நேபாளம் போன்ற நாடுகளின் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் கர்ப்பிணிகளின் விவரங்களை அதில் பதிகிறார்கள். அங்கே ஒரு பதிவு தொலைந்தால் போவது வெறும் தரவு அல்ல.

யார் விலை கொடுத்தது?

ஆனால் எந்தக் கணக்கிலும் பற்று இல்லாமல் வரவு இல்லை. செருகுநிரல் எழுதுவது ஒரு வார இறுதி வேலையாக இருக்கலாம். அதைப் பராமரிப்பது வருடக்கணக்கான வேலை, அதுவும் பெரும்பாலும் சம்பளமில்லாமல். பல செருகுநிரல்களை எழுதிய நோலன் லாசன், இலவச மென்பொருளைப் பராமரிப்பவரின் சோர்வைப் பற்றி 2017-ல் எழுதிய கட்டுரை உலகெங்கும் படிக்கப்பட்டது. உதவி கேட்டு வாசலில் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கும் காட்சியாக அதை அவர் சித்தரித்திருந்தார்.

மையம் சிறியதாக இருந்ததால் பவுச்டிபி பிழைத்தது. அதைச் சுற்றியிருந்த செருகுநிரல்களோ, எழுதியவருக்கு நேரமும் தெம்பும் இருந்த வரையில்தான் வளர்ந்தன. ஒரு செருகுநிரலைத் தரவிறக்கும் முன், அது என்ன செய்யும் என்று பார்ப்பதோடு, அதை இன்று யார் பார்த்துக் கொள்கிறார்கள் என்றும் பார்ப்பது நல்லது. இந்த வரலாறு சொல்லும் பாடம் அதுதான்!