பாட்டும்... நாம படுற பாடும்! - சினிமா இசை ரசிகர்களின் இன்றைய நிலவரம்

ஒரு பாட்டை முழுசா, ஸ்கிப் பண்ணாம, நடுவுல வேற ஆப்புக்குத் தாவாம கடைசியா எப்போ கேட்டீங்க? கொஞ்சம் யோசிங்க பாஸ். ‘நேத்து நைட்டுதான்’னு டக்குனு பதில் வந்தா நீங்க கொடுத்துவெச்சவர். நம்மில் பலருக்கு பதில் வர கொஞ்சம் லேட்டாகும்.

இத்தனைக்கும் தமிழ் சினிமா பாட்டு ரசிகர்களுக்கு இதைவிட வசதியான காலம் இருந்ததே இல்லை. 1976-ல் வந்த ‘அன்னக்கிளி’, 1992-ல் வந்த ‘ரோஜா’, போன வாரம் வந்த ஃபர்ஸ்ட் சிங்கிள் எல்லாமே ஒரே சர்ச் பாக்ஸில் கிடைக்கின்றன. அப்புறம் என்னதான்யா பிரச்னை? பாட்டு ஈஸியா கிடைக்குது. ஆனா, கிடைச்சது கையில நிக்க மாட்டேங்குது. இன்றைய இசை ரசிகரின் கொண்டாட்டம், எரிச்சல் ரெண்டுக்கும் இதுதான் காரணம். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

பன்னிரண்டு பாட்டு காலம்!

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. பிடித்த பாட்டுகளை ஒரு பேப்பரில் எழுதி, கூடவே ஒரு காலி கேசட்டையும் கொடுத்தால், சில நாள்கள் கழித்து பதிவு செய்து தருவார்கள். 60 நிமிஷ கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு, மொத்தம் பன்னிரண்டு. சில நேரம் கடைசிப் பாட்டு பாதியிலேயே கட் ஆகிவிடும். டேப் வெளியே வந்துவிட்டால் பென்சிலை விட்டுச் சுற்ற வேண்டும். நம்ம அப்பாக்களும் சித்திகளும் அந்தப் பன்னிரண்டு பாட்டைத் தேயத் தேயக் கேட்டவர்கள். அதனால்தான் எந்தப் பாட்டுக்கு அடுத்து எந்தப் பாட்டு வரும் என்பதுகூட அவர்களுக்கு இன்னிக்கும் மனப்பாடம்.

நமக்கு அந்தத் தட்டுப்பாடே கிடையாது. ‘மௌன ராகம்’ வந்தது 1986-ல். அதற்குப் பல வருஷம் கழித்துப் பிறந்த பசங்களும் அதன் பின்னணி இசையை ரிங்டோனாக வைத்திருக்கிறார்கள். எம்.எஸ்.விஸ்வநாதனில் ஆரம்பித்து, வித்யாசாகர் வழியாக சந்தோஷ் நாராயணன் வரைக்கும் ஒரே பஸ் பயணத்தில் கேட்டு முடிக்கலாம். அப்பாவுக்குப் பிடித்ததை மகள் கண்டுபிடிப்பது, மகள் கேட்பதை அப்பா முணுமுணுப்பது எல்லாம் இந்தத் தலைமுறைக்குக் கிடைத்த போனஸ்.

பழைய பாட்டு, புதுப் பட விசில்!

இந்த போனஸைத் தியேட்டர்களும் சரியாகப் பிடித்துக்கொண்டன. ‘கைதி’யில் (2019) கதையின் டென்ஷனுக்கு நடுவே 1993-ல் வந்த ‘மறுபடியும்’ படப் பாட்டு ஒலித்தபோது தியேட்டரே அதிர்ந்தது. ‘விக்ரம்’ (2022) வந்தபோது, 1995-ல் வெளியான ‘அசுரன்’ படப் பாட்டை எல்லோரும் தேடித் தேடிக் கேட்டார்கள். ‘குணா’ (1991) பாட்டுக்கு ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் 2024-ல் புது உயிர் கொடுத்தது. அதே வருஷம் வந்த ‘லப்பர் பந்து’வால் விஜயகாந்த்தின் ‘பொன்மனச் செல்வன்’ (1989) பாட்டு மறுபடியும் ஊரெல்லாம் ஒலித்தது.

இதில் ஒரு சின்ன டெஸ்ட். அந்த ‘அசுரன்’ பாட்டுக்கு இசையமைத்தவர் யார்? ஆதித்யன். தொண்ணூறுகளில் வித்தியாசமான சவுண்டுக்காகப் பேசப்பட்டவர். பாட்டைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் அவர் பெயரைத் தேடியிருப்பார்கள்?

கொண்டாட்டத்துக்கு மறுபக்கம் நோட்டீஸ். தன் பாட்டை அனுமதி இல்லாமல் பயன்படுத்தியதாக ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ தரப்புக்கு இளையராஜா சார்பில் வக்கீல் நோட்டீஸ் போனது. மியூசிக் கம்பெனிகளிடம் முறையாக உரிமை வாங்கிவிட்டோம் என்றது படத் தரப்பு. 2025-ல் ‘குட் பேட் அக்லி’ விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. உடனே சோஷியல் மீடியாவில் ‘ராஜா சார் செய்வது சரியா, தப்பா?’ என்று ரெண்டு கோஷ்டி.

சண்டைக்கு முன்னாடி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கலாம். ஒரு பாட்டு என்பது சட்டத்தின் கண்ணில் ஒரே சொத்து அல்ல. மெட்டு தனி, வரிகள் தனி, பதிவு செய்யப்பட்ட ஒலி தனி. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் ஒரு முக்கியமான திருத்தம் வந்தது. இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் உரிமையை எழுதிக் கொடுத்தாலும், தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர்த்த மற்ற பயன்பாடுகளில் ராயல்டியில் தங்களுக்குள்ள சம பங்கை அவர்கள் விட்டுக்கொடுக்க முடியாது என்றது அந்தத் திருத்தம். பழைய படங்களின் ஒப்பந்தங்கள் பலவும் இப்படியெல்லாம் யோசிக்காத காலத்தில் போடப்பட்டவை. வழக்குகள் முளைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உரிமை ஒப்பந்தம் முடிந்தாலோ, பஞ்சாயத்து வந்தாலோ, நம்ம ஃபேவரைட் பாட்டு ஒருநாள் பிளே லிஸ்ட்டில் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கும். தட்டினால் ஓடாது!

30 செகண்டு ராஜ்ஜியம்

2011 நவம்பரில் ‘3’ படத்தின் ‘கொலவெறி’ பாட்டு யூடியூபில் வந்து உலகம் சுற்றியது. அந்தப் படத்தில் அறிமுகமான அனிருத்துக்கும், அதன்பிறகு வந்த இசைக்கும் இன்டர்நெட்தான் முதல் மேடை. ‘மாரி 2’-வின் ‘ரௌடி பேபி’ 2020-ல் நூறு கோடி வியூஸைத் தாண்டியபோது, தமிழ்ப் பாட்டு எவ்வளவு தூரம் போகும் என்பது புரிந்தது. ஒரே ஸ்டெப்பை காலேஜ் கல்ச்சுரல்ஸிலும், கல்யாண ரிசப்ஷனிலும், ஆபீஸ் பார்ட்டியிலும் ஆடுகிற சந்தோஷம் தனி.

ஆனா, அதுக்கும் ஒரு விலை இருக்கு. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 செகண்டு கேட்டாலே ஒரு பிளே என்று கணக்காகிவிடும். ரீல்ஸில் அதற்கும் குறைவான நேரத்திலேயே கவனத்தை இழுத்தாக வேண்டும். அதனால், ஹூக் லைன் முதலிலேயே வந்து விழ வேண்டும் என்ற அழுத்தம் எல்லோருக்கும் இருக்கிறது. பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்கு முன்னால், வயலினும் புல்லாங்குழலும் பேசிக்கொள்ளும் இடையிசைக்கு நேரம் ஏது? முதல் இடையிசை ஒரு மாதிரி, ரெண்டாவது இடையிசை வேற மாதிரி என்று ரசித்துக் கேட்டவர்களுக்கு இது பெரிய ஏக்கம்.

பாட்டை 15 செகண்டாக மட்டுமே கேட்பவர்களுக்கு நஷ்டம் இன்னும் அதிகம். ரீல்ஸில் நூறு தடவை கேட்டு அலுத்துப்போன பாட்டின் ரெண்டாவது சரணத்தைக் கேட்டுப்பாருங்க. பாடலாசிரியர் தன் நல்ல வரியை அங்கேதான் ஒளித்து வைத்திருப்பார்.

படத்துல பாட்டைக் காணோம்!

முன்பெல்லாம் ஆடியோ ரிலீஸ் என்றால் எல்லாப் பாட்டும் ஒரே நாளில் வந்துவிடும். இப்போது அறிவிப்புக்கு ஒரு புரொமோ, அப்புறம் ஃபர்ஸ்ட் சிங்கிள், செகண்ட் சிங்கிள், லிரிக் வீடியோ என்று தவணை முறையில் வருகிறது. மாசக்கணக்கில் கேட்டு, மனசுக்குள்ளேயே காட்சி அமைத்து, தியேட்டருக்குப் போனால் பாட்டு ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போகும். சில நேரம் வரவே வராது.

‘தக் லைஃப்’ படத்தின் ‘முத்த மழை’ இதற்குச் சரியான உதாரணம். தமிழில் பாடியவர் தீ. 2025 மே மாதம் நடந்த இசை வெளியீட்டு விழாவுக்கு அவர் வர முடியாததால், சின்மயி மேடையில் பாடினார். அந்த வீடியோ தீயாகப் பரவியது. ‘தீ வெர்ஷனா, சின்மயி வெர்ஷனா?’ என்று பெரிய விவாதமே நடந்தது. சின்மயி குரலிலும் பாட்டு அதிகாரபூர்வமாக வெளியானது. கடைசியில் ஜூன் மாதம் படம் வந்தபோது அந்தப் பாட்டே படத்தில் இல்லை! ஒரே மெட்டு ரெண்டு குரலில் ரெண்டு உணர்வாக மாறுவதை லட்சக்கணக்கானவர்கள் உட்கார்ந்து கவனித்தார்கள் என்பது இதில் கிடைத்த சந்தோஷம். அந்த கவனிப்பு ‘யார் பெரிய ஆள்?’ என்ற சண்டையாகச் சுருங்கியது எரிச்சல்.

எழுதினது யாரு... வாசிச்சது யாரு?

கேசட் அட்டையில் பொடி எழுத்தில் பாட்டு வாரியாகப் பாடகர்கள், பாடலாசிரியர் பெயர்கள் இருக்கும். படிக்க வேறு எதுவும் இல்லாததால் அதைப் படித்தே வளர்ந்த ஒரு தலைமுறை உண்டு. இன்றைய ஆப்பில் முகப்பில் தெரிவது பெரும்பாலும் இசையமைப்பாளர், பாடகர் பெயர்கள்தான். பாடலாசிரியரைப் பார்க்க மூன்று புள்ளியைத் தட்டி உள்ளே போக வேண்டும். போனாலும், பழைய பாட்டுகளுக்கு அங்கே தகவல் சரியாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. தொகுப்பு ஆல்பத்தில் சேர்த்து ஏற்றியதால், எண்பதுகளின் பாட்டுக்குப் பக்கத்தில் 2014 என்று போட்டிருக்கும் கூத்தெல்லாம் உண்டு.

‘தங்க மீன்கள்’, ‘சைவம்’ படங்களின் பாட்டுகளுக்காகத் தேசிய விருது வாங்கிய நா.முத்துக்குமார், 2016-ல் மறைந்தார். அவர் எழுதியது என்று தெரியாமலேயே அவர் வரியை ஸ்டேட்டஸில் வைப்பவர்கள் ஏராளம். வாத்தியக் கலைஞர்கள் நிலைமை இன்னும் மோசம். இளையராஜா பாட்டில் உருகவைக்கும் புல்லாங்குழலுக்குப் பின்னால் நெப்போலியன் என்கிற அருண்மொழி இருக்கிறார். டிரம்ஸுக்குப் பின்னால் புருஷோத்தமன் இருக்கிறார். ரஹ்மானின் பாட்டுகளில் புல்லாங்குழலுக்கு நவீன் குமார், பேஸ் கிட்டாருக்கு கீத் பீட்டர்ஸ். இந்தப் பெயர்கள் தெரிந்தபிறகு அதே பாட்டைக் கேளுங்க. காது வேற இடத்தைப் பிடிக்கும்.

கச்சேரி ஆசையும் கண்ணீரும்

லைவ் கான்சர்ட்தான் இப்போது ரசிகர்களின் திருவிழா. முன்பின் தெரியாத பத்தாயிரம் பேரோடு சேர்ந்து ஒரே பல்லவியைப் பாடுவதை எந்த ஹெட்போனும் தராது. ஆனா, 2023 செப்டம்பர் 10 அன்று சென்னை ஈ.சி.ஆரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சியை யாரும் மறக்கவில்லை. கட்டுக்கடங்காத கூட்டம். டிக்கெட் கையில் இருந்தும் உள்ளே போக முடியாமல் பலர் திரும்பினார்கள். நெரிசலில் தங்களிடம் அத்துமீறல் நடந்ததாகப் பெண்கள் புகார் சொன்னார்கள். ஏற்பாட்டாளர்கள் மன்னிப்பு கேட்டார்கள். டிக்கெட் நகலை அனுப்பச் சொல்லி ரஹ்மானே அறிவித்தார். அதன்பிறகு ‘யார் பாடுறாங்க?’ என்பதோடு, ‘பார்க்கிங் எங்கே, எத்தனை வாசல்?’ என்றும் ரசிகர்கள் கேட்கத் தொடங்கியது நல்ல விஷயம்.

மறைந்த குரல்கள் மறுபடியும்

‘லால் சலாம்’ (2024) படத்துக்காக, மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐ மூலம் கொண்டுவந்தார் ரஹ்மான். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே வருஷம் ‘தி கோட்’ படத்தில் அக்கா பவதாரிணியின் குரலை இப்படிக் கொண்டுவந்தார் யுவன். ஜனவரியில்தான் அவர் மறைந்திருந்தார். கேட்டவர்களுக்குக் கண் கலங்கியது நிஜம். இன்னொரு பக்கம், எஸ்.பி.பி-யின் குரலைத் தங்களிடம் கேட்காமலேயே ஒரு தெலுங்குப் படத்தில் ஏஐ மூலம் பயன்படுத்தியதாக அவர் குடும்பம் நோட்டீஸ் அனுப்பியது.

ஆக, நமக்கு முன்னால் இருப்பது டெக்னாலஜி கேள்வி மட்டுமல்ல, அனுமதி பற்றிய கேள்வியும்தான். ‘எஸ்.பி.பி இந்தப் பாட்டைப் பாடியிருந்தா?’ என்று யாரோ செய்த ஏஐ கவரை ஃபார்வர்டு செய்யும் முன் ஒரு நிமிஷம் யோசிக்கலாம். அவர் பாடியதே ஆயிரக்கணக்கில் இருக்கு. அதுல நாம இன்னும் கேட்காதது எத்தனை?

சரி, நாம என்ன செய்யலாம்?

* பிளே லிஸ்ட்டை நம்பி மட்டும் இருக்காதீங்க: 2024-ல் ரெஸோ, விங்க் என ரெண்டு மியூசிக் ஆப்கள் இங்கே கடையைக் கட்டின. ஆப்புக்குள் டவுன்லோடு செய்ததும் சந்தா இருக்கும் வரைதான். உயிரான பாட்டுகளின் பட்டியலைப் படம், வருஷம், இசையமைப்பாளர் பெயரோடு நோட்ஸில் எழுதிவையுங்க.

* வாரத்துக்கு ஒரு ஆல்பம்: ஒரு படத்தின் எல்லாப் பாட்டையும் வரிசையாக, ஷஃபிள் போடாமல் கேளுங்க. ஹிட் ஆகாத பாட்டில்தான் சர்ப்ரைஸ் இருக்கும்.

* பெயரோடு பகிருங்க: ஸ்டேட்டஸில் வரியை வைக்கும்போது பாடலாசிரியர் பெயரையும் சேர்த்துப் போடுங்க. அஞ்சு செகண்டு வேலைதான்.

* வியூஸ் சண்டைக்கு லீவு விடுங்க: 24 மணி நேரத்தில் எத்தனை லட்சம் வியூஸ் என்பது மார்க்கெட்டிங் டீமின் கவலை. அனிருத்தும் பிடிக்கும், யுவனும் பிடிக்கும் என்று சொல்வது குற்றமில்லை.

* கான்சர்ட்டுக்கு முன் விசாரியுங்க: ரீஃபண்ட் விதி, வரும் வழி, திரும்பும் வண்டி மூன்றையும் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்க.

* வீட்ல இருக்கிற பழைய கேசட், சி.டி-க்களைத் தூக்கிப் போட்டுடாதீங்க: எந்த ஆப்பிலும் இல்லாத பாட்டு அதுல இருக்கலாம். குறைந்தபட்சம் அந்த அட்டையைப் போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. பாடினவங்க, எழுதினவங்க பெயர் அதுலயாவது மிஞ்சும்!