முப்பது நாளா, மூன்று வருஷமா?



எனக்கு முன்னால் பேசிய நண்பர், மனசு வைத்தால் முப்பதே நாளில் ஆங்கிலம் வந்துவிடும் என்றார். அதையும் அவர் தமிழிலேதான் சொன்னார் என்பதை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும். (சிரிப்பு)

ஆனா ஐயா, இது வேடிக்கையோட போற விஷயம் இல்லை. 'முப்பது நாளில் ஆங்கிலம்'னு போர்டைப் பார்த்து ஒரு பையன் பணம் கட்டுறான். முப்பத்தோராம் நாள் இன்டர்வியூவில் வாய் திறக்க வரலை. அவன் போர்டையா திட்டுறான்? 'நான் மண்டு'ன்னு தன்னையே திட்டிக்கிறான். அந்தப் பையனுக்காகத்தான் நான் சரித்திரத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுறேன்.

முதல் சாட்சி காந்தியடிகள். ராஜ்கோட்டில் படிக்கிறார். உயர்நிலைப் பள்ளியில் பாதி வழியில் பாடமெல்லாம் ஆங்கிலத்துக்கு மாறுது. ஜியோமெட்ரி தலையும் புரியலை, வாலும் புரியலை. எப்படியோ 1887இல் மெட்ரிகுலேஷன் தேறிட்டார். அடுத்த வருஷம் பாவ்நகரில் சாமல்தாஸ் கல்லூரி. அங்கே பேராசிரியர் பேசுறதைப் பின்தொடரவே முடியலை. ஒரே பருவத்தோட வீடு திரும்பிட்டார்.

1888 செப்டம்பரில் லண்டனுக்குக் கப்பல் ஏறுகிறார். வெள்ளைக்காரப் பயணிகள் வந்து பேசினா பாதி புரியலை. புரிஞ்சாலும் பதில் வரலை. ஒவ்வொரு வாக்கியத்தையும் மனசுக்குள்ள கட்டி முடிச்ச பிறகுதான் வெளியே விடணும். எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இல்லைன்னு கேட்கக்கூடத் தைரியம் இல்லாம, கொண்டுபோன பலகாரத்தையும் பழத்தையும் அறைக்குள்ளேயே தின்னுக்கிட்டுப் போனார். இத்தனையும் பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்கா ஆங்கிலம் படிச்ச பிறகு!

லண்டனில் தினமும் பத்திரிகை படிச்சார். இந்தியாவில் இருந்தவரை பத்திரிகையே படிச்சதில்லை. 1891இல் அங்கே சைவ உணவுக்காரர்கள் நடத்திய பத்திரிகையில் ஆங்கிலக் கட்டுரைகள் எழுதினார். மூணு வருஷத்துக்குள்ள எழுத வந்துடுச்சு. ஆனா சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னா நாக்கு ஒட்டிக்கும். அவர் எழுதினதை இன்னொருத்தர் வாசிச்சார். அதற்குக் கூச்சமும் ஒரு காரணம், ஒத்துக்கிறேன். இருந்தாலும் படிக்கிறது ஒரு வேகம், எழுதுறது ஒரு வேகம், பேசுறது வேற வேகம். இதைத்தான் எதிரணி மறந்துடுச்சு.

அவரே பின்னாடி, 1938இல், 'ஹரிஜன்' பத்திரிகையில் எழுதினார்: கணக்கும் ரசாயனமும் ஆங்கிலத்தில் படிக்க எனக்கு நாலு வருஷம் பிடிச்சது, குஜராத்தியில் ஒரே வருஷத்தில் முடிஞ்சிருக்கும் என்று.

சரி, அதைத் திருப்பிப் பார்ப்போம். அமெரிக்க அரசாங்கம் தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்கிறது. ஆங்கிலம் பேசுற ஆள் தமிழில் வேலை பார்க்கிற அளவு தேற அவங்க நெடுநாளாப் போட்டுவந்த கணக்கு 44 வாரம், வகுப்பிலே மட்டும் 1100 மணி நேரம். அதுவும் சம்பளம் வாங்கிக்கிட்டு, வேற வேலையே இல்லாம, சின்ன வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறவங்களுக்கு! அவங்களுக்குத் தமிழ் அவ்வளவு தூரம்னா, நமக்கு ஆங்கிலம் மட்டும் பக்கத்து வீடா? (கைதட்டல்) நம்ம பள்ளிக்கூடத்தில் நாளைக்கு ஒரு பீரியட், வருஷத்துக்கு 200 நாள்னு வைங்க. 1100 மணிக்கு அஞ்சரை வருஷம் ஆகுது. அந்தப் பீரியடில் பிள்ளை வாயைத் திறந்தால்தான் அந்தக் கணக்கும்!

கணிதமேதை ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார். அதே மனுஷன் 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். அவர் மண்டுவா?

கடைசிச் சாட்சி போலந்துக்காரர், ஜோசப் கான்ராட். 1878இல் இருபது வயசில் ஆங்கிலக் கப்பலில் வேலைக்கு வந்தப்போ அவருக்கு ஆங்கிலம் அரைகுறையாக்கூடத் தெரியாது. ராத்திரி பகலா மாலுமிகளோடேயே இருந்தார். 1880இல் துணை அதிகாரி பரீட்சை தேறினார். கேப்டன் பரீட்சைக்கு 1886 ஆச்சு. முதல் நாவல் வெளிவந்தது 1895இல். ஆங்கில இலக்கியத்தின் பெரிய பெயர்களில் ஒருத்தரா ஆனார். ஆனா சாகுறவரைக்கும் வாயைத் திறந்தா போலந்து வாடை அடிக்கும்.

நடுவர் மணியில் கை வைக்கிறார். கப்பல் வேலைக்கு ரெண்டு வருஷம், நாவலுக்குப் பதினேழு வருஷம், உச்சரிப்பு கடைசிவரை வரவே இல்லை. இவரை முப்பது நாளில் எந்த நாள் கணக்கில் எழுதுறதுன்னு அடுத்து வர்ற அம்மா சொல்லட்டும்.