பீட்டில் காருக்கு எந்த கிளட்ச்?

2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவின் பூப்லா நகரத் தொழிற்சாலையிலிருந்து கடைசி வோக்ஸ்வேகன் பீட்டில் வெளியே வந்தது. அதோடு சேர்த்து உலகம் முழுவதும் தயாரான பீட்டில்களின் எண்ணிக்கை 2,15,29,464! கார் தயாரிப்பு நின்றாலும் உதிரிபாக வியாபாரம் நிற்கவில்லை. இன்றும் ஆயிரக்கணக்கானோர் இந்த "வண்டு"களை ஓட்டுகிறார்கள், பழுது பார்க்கிறார்கள். அவர்களில் கிளட்ச் தேய்ந்து போனவர் கடையில் போய் நின்றால் முதலில் கேட்கப்படும் கேள்வி, "எந்த வருட மாடல்?" என்பதுதான். நியாயமான கேள்வி போலத் தெரியும். ஆனால் பீட்டிலைப் பொறுத்தவரை அதற்குச் சொல்லும் பதிலை நம்பி கிளட்ச் வாங்க முடியாது. ஏன் என்று தெரிய கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினை கியர்பாக்ஸோடு சேர்க்கவும் பிரிக்கவும் உதவுவதுதான் கிளட்ச். ஆரம்பகால கார்கள் பலவற்றில் இது தோல் ஒட்டிய கூம்பு வடிவத்தில் இருந்தது. தோல் காய்ந்துவிட்டால் கார் திடீரென்று குதித்துக் கிளம்பும். இங்கிலாந்தில் 1897-ல் ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் உராய்வுப் பொருள் தயாரிக்கும் தொழிலைத் தொடங்கினார். தன் பெயரின் எழுத்துக்களை மாற்றிப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து அவர் வைத்த பெயர்தான் ஃபெரோடோ. பின்னாளில் பிரேக்கிலும் கிளட்சிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த உராய்வுப் பட்டைகள் உலகெங்கும் வழக்கமாகிவிட்டன. (இதன் விளைவைக் கடைசியில் பார்ப்போம்.) கூம்பு போய், பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே நசுக்கப்படும் ஒற்றைத் தட்டு வந்தது.

ஃபெர்டினாண்ட் போர்ஷே 1930களில் வடிவமைத்த பீட்டிலில் இருந்ததும் இந்த ஒற்றைத் தட்டு கிளட்ச்தான். இன்ஜின் காரின் பின்னால் இருந்தது, மிதிப்பதோ முன்னால். இரண்டையும் இணைத்தது எண்ணெய்க் குழாய் அல்ல, ஒரு நீளமான கேபிள். இன்ஜினை கியர்பாக்ஸோடு பிடித்திருப்பவை நான்கே போல்ட்டுகள். சுமார் 100 கிலோ எடையுள்ள அந்த இன்ஜினை ஜாக் வைத்து இறக்க, பழகிய கைகளுக்கு ஒரு மணி நேரம் போதும். பீட்டிலின் பெரிய வரம் இது எனலாம். கிளட்ச் வாங்குபவருக்கு வரும் தலைவலிக்கும் இதுவே காரணம்!

முதல் முப்பது ஆண்டுகள் குழப்பமில்லை. 6 வோல்ட் மின்சாரம், 109 பற்கள் கொண்ட பிளைவீல், 180 மி.மீ. விட்டமுள்ள கிளட்ச் பிளேட். 1966 ஆகஸ்டில் 1500 சி.சி. இன்ஜின் வந்தபோது கூடுதல் சக்தியைத் தாங்க 200 மி.மீ. கிளட்ச் தேவைப்பட்டது. அமெரிக்காவுக்குப் போன 1967 மாடல்களில் 12 வோல்ட்டும் சேர்ந்து வந்தது. பிளைவீல் பற்கள் 130 ஆயின. ஆனால் பழையது ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. 12 வோல்ட் பிளைவீலிலேயே 180 மி.மீ. கிளட்ச் பொருத்தப்பட்டவையும் உண்டு. ஆகவே பற்களை எண்ணி கிளட்ச் அளவை ஊகிக்க முடியாது. ஸ்கேலை வைத்து அளந்துதான் ஆகவேண்டும்.

அடுத்த மாற்றம் 1971 மாடலில். வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அதுவரை கிளட்சைப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங் ஒரு கவையில் கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. பிரஷர் பிளேட்டின் நடுவில் இருந்த ஒரு வளையத்தின் மேல் அது அழுத்தும். புதிய கியர்பாக்ஸில் ஒரு வழிகாட்டிக் குழாய் வந்தது. பேரிங் அந்தக் குழாயின் மேல் நேராகச் சறுக்கி வந்து, வளையம் இல்லாத பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்களை நேரடியாக அழுத்தும். பழைய பேரிங்குக்கு வளையமில்லாத பிளேட்டையோ, புதிய பேரிங்குக்கு வளையமுள்ள பிளேட்டையோ போட்டால் இரண்டும் சரியாகப் பொருந்தாது. பேரிங் சத்தம் போடும், சீக்கிரம் தேயும், பிறகு மறுபடியும் இன்ஜினை இறக்க வேண்டியதுதான்.

இனி அந்த நான்கு போல்ட்டுக்கு வருவோம். இன்ஜினைக் கழற்றுவது இவ்வளவு சுலபம் என்பதால் உரிமையாளர்கள் தாராளமாக மாற்றினார்கள். 1963 காரில் 1970-ன் 1600 இன்ஜின், பழைய காரின் பின்னால் மெக்சிகோ இன்ஜின், 12 வோல்ட் இன்ஜினோடு 6 வோல்ட் காலத்து கியர்பாக்ஸ் என எல்லாக் கலவையும் நடந்தது. (கடைசிக் கலவைக்கு 130 பல் பிளைவீல் இடிக்காமலிருக்க பெல் ஹவுசிங்கின் உள்பக்கத்தைத் தேய்த்தே ஆகவேண்டும்.) ஐம்பது அறுபது வருடங்களில் நாலைந்து கை மாறிய காரின் பதிவுச் சான்றிதழில் இருக்கும் வருடம் அதன் உடம்பின் வருடம் மட்டுமே. கிளட்ச் பிளேட்டின் அளவைத் தீர்மானிப்பது பிளைவீல். பிரஷர் பிளேட்டுக்கு வளையம் வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது கியர்பாக்ஸ். இவை மூன்றும் மூன்று வெவ்வேறு வருடங்களாக இருக்கலாம்! எனவே இன்ஜினை இறக்கிப் பார்த்த பிறகு கிளட்ச் வாங்குவதே புத்திசாலித்தனம். பிற்காலத் தயாரிப்புகள் பலவற்றில் வளையத்தைத் தேவைக்கேற்பக் கழற்றிவிடலாம் என்பது ஒரு நல்ல செய்தி.

ஸ்பிரிங் வகையிலும் ஒரு தேர்வு உண்டு. பழைய பிரஷர் பிளேட்டுகளில் வட்டமாக அடுக்கிய சுருள் ஸ்பிரிங்குகள் இருந்தன. தட்டு தேயத் தேய ஸ்பிரிங்கின் அழுத்தமும் குறையும். அதற்கு மாற்றாக வந்தது கிண்ணம் போன்ற ஒரே தகட்டாலான டயஃபிரம் ஸ்பிரிங். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் இதை 1930களிலேயே கையாண்டது. ஜெர்மனியில் 1965-ல் பூல் நகரில் தொடங்கிய லூக் நிறுவனம் இதை அங்கே பரப்பியது. டயஃபிரம் வகையில் தட்டு தேய்ந்தாலும் அழுத்தம் எளிதில் குறையாது, மிதிப்பதற்கும் கால் வலிக்காது. அச்சு அசலாக அந்தக் காலத்துக் காராக வைத்திருக்க நினைப்பவர் சுருள் ஸ்பிரிங்கைத் தேடலாம். தினமும் ஓட்டுபவருக்கு டயஃபிரமே மேல்.

"பலமான" கிளட்ச் போட்டால் என்ன என்ற ஆசை பலருக்கு வரும். பந்தயக் கார்களுக்கான கடினமான பிரஷர் பிளேட்டுகள் சுலபமாகக் கிடைக்கின்றன. ஆனால் அந்த அழுத்தம் முழுவதையும் தாங்க வேண்டியவை அந்தப் பழைய கேபிளும், கவையைத் தாங்கும் தண்டும், கிராங்க் ஷாஃப்டின் பக்கவாட்டு பேரிங்கும். 40, 50 குதிரைத்திறன் இன்ஜினுக்கு அது தேவையே இல்லை. கேபிள் அறுந்து நடுரோட்டில் நிற்பதுதான் மிச்சம்.

உண்மையில் கிளட்சே குற்றவாளியாக இல்லாத சமயங்களும் நிறைய. கார் கிளம்பும்போது உதறினால் உடனே கிளட்சை மாற்றிவிடுகிறார்கள். கேபிள் நுழையும் வளைகுழாயில் 2 முதல் 4 செ.மீ. வரை தொய்வு இருக்க வேண்டும்; அது இல்லாவிட்டாலும் அதே உதறல் வரும். பிளைவீலுக்குப் பின்னால் உள்ள ஆயில் சீல் கசிந்தால் புது பிளேட்டும் சில வாரங்களில் எண்ணெயில் ஊறிவிடும். பிளைவீலைப் பிடித்திருக்கும் ஒற்றை நடு நட்டை இறுக்க வேண்டிய அளவு, ஒரு மீட்டர் நீளக் குழாயின் நுனியில் 30 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். அதைக் கழற்றுவதற்குச் சோம்பல்பட்டு சீலை மாற்றாமல் விடுபவர்களே அதிகம்.

கடைசியாக அந்த ஆஸ்பெஸ்டாஸ். அதன் தூள் நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான பின், ஜெர்மனி 1993-ல் அதைத் தடை செய்தது. 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை. எனவே பெட்டி பிரிக்காத "அசல் பழைய சரக்கு" என்று பெருமையாக விற்கப்படும் கிளட்ச் பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு மிக அதிகம். காருக்குள் ஏற்கெனவே தேய்ந்து கிடக்கும் பிளேட்டும் அப்படித்தான். பெல் ஹவுசிங்கில் படிந்திருக்கும் கறுப்புத் தூளைக் காற்றடித்துச் சுத்தம் செய்வது மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். அதைச் செய்யவே கூடாது. முகக் கவசம் அணிந்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டுத்தான் புது பிளேட்டைக் கையில் எடுக்க வேண்டும்.