உடன் வீழ்ந்தவர் பெயர்: மேஜர் முகுந்த் வரதராஜன் நினைவும் நடுகல் மரபும்

2014 ஏப்ரல் 24 அன்று தமிழ்நாடு முழுவதும் மக்களவைத் தேர்தலுக்கு வாக்களித்தது. அஸ்தினாபுரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் அடங்கிய ஸ்ரீபெரும்புதூர் தொகுதி மக்கள் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்ட அதே நாளில் காஷ்மீரின் அனந்தநாக் தொகுதியிலும் வாக்குப்பதிவு நடந்தது. ஷோபியான் மாவட்டத்தில் வேலை முடித்துத் திரும்பிய தேர்தல் ஊழியர்களைத் தீவிரவாதிகள் தாக்கியதில் அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். மறுநாள், நம் விரல்களில் அந்த மை கருத்திருந்த நேரத்தில், அதே மாவட்டத்தின் காசிபத்ரி என்ற சிற்றூரில் தாம்பரத்துப் பிள்ளையான மேஜர் முகுந்த் வரதராஜன் களத்தில் பட்டார். வயது 31.

பிறந்தது 1983இல், கோழிக்கோட்டில். ஏனாத்தூரில் வணிகவியல் படித்தார். பிறகு தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இதழியல் பட்டயம். பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாதமியில் பயின்று, 2006இல் ராஜ்புத் படைப்பிரிவில் லெப்டினன்ட் ஆனார். லெபனானில் ஐ.நா. அமைதிப்படையில் பணியாற்றிய பின், 2012 இறுதியில் 44ஆவது ராஷ்ட்ரிய ரைபிள்ஸுக்கு வந்தார். காசிபத்ரியில் ஒரு வீட்டில் பதுங்கியிருந்த தீவிரவாதிகள் மூவரை அவருடைய குழு சுற்றி வளைத்தது. ஹிஸ்புல் முஜாஹிதீன் தளபதி அல்தாஃப் வானி உள்பட மூவரும் கொல்லப்பட்டனர். முகுந்தோடு தோளுக்குத் தோள் நின்ற சிப்பாய் விக்ரம் சிங்கும் அந்தச் சண்டையிலேயே வீழ்ந்தார். ஏப்ரல் 28 அன்று பெசன்ட் நகரில் முகுந்துக்கு இராணுவ மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. 2015 குடியரசு நாளில் அசோக சக்கர விருதை அவருடைய மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸ் பெற்றுக்கொண்டார்.

எங்கள் தெருமுனையில் ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் பிளக்ஸ் வைக்கிறார்கள். மிடுக்கான சீருடையில் முகுந்தின் முகம், கீழே வைத்தவர்களின் முகங்கள். காசிபத்ரி என்ற ஊர்ப்பெயர் அதில் இருப்பதில்லை, நாள் இருப்பதில்லை, விக்ரம் சிங் இருப்பதே இல்லை. அன்போடுதான் வைக்கிறார்கள், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வீழ்ந்தவரை நினைவில் வைக்கத் தமிழர் கண்ட முறை இதைவிடத் துல்லியமானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று நடுகல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் ஆறு நிலைகளை நாம் பெரும்பாலும் வழிபாடாகவே படிக்கிறோம். செங்கம் வட்டாரத்துக் கற்களைப் பார்த்தால் அவை ஆவணங்கள் என்பது புலப்படும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தப் பூசலில், எதைக் காத்துப் பட்டான் என்று வரிசையாகச் சொல்கின்றன. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல், எருமைகளைக் காத்துப் பட்ட கருந்தேவக்கத்தியைப் பதிகிறது. அவன் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன் என்பதும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்பதும் தனியே பொறிக்கப்பட்டிருக்கின்றன. மனிதரையும் விலங்கையும் நான் ஒப்பிடவில்லை. விலங்கின் பெயரைக்கூட விட மனம் வராத கல்வெட்டாளன், உடன் நின்று உயிர்விட்ட மனிதனின் பெயரை விட்டிருப்பானா என்பதே கேள்வி.

இந்த ஒழுங்கு நமக்கு மட்டும் உரியதன்று. நந்தம்பாக்கத்தில் பூந்தமல்லி சாலையோரம் உள்ள மதராஸ் போர்க் கல்லறையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் காமன்வெல்த் வீரர் 856 பேர் உறங்குகிறார்கள். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்; பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள்.

முகுந்தின் வாழ்க்கையைச் சொல்லி 2024இல் வந்த ‘அமரன்’ திரைப்படம் பெரும் பணி செய்திருக்கிறது. இந்துவின் காத்திருப்பை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. ஆயினும் திரைக்கதைக்கு நாயகன் ஒருவன்தான் வேண்டும், கல்வெட்டுக்கு அந்தத் தேவை இல்லை. படத்தை ஒட்டி முகுந்தின் சாதியைத் துருவியவர்களில் எத்தனை பேர் அவரோடு வீழ்ந்தவர் பெயரைக் கேட்டார்கள் என்று நினைக்கும்போது மனம் வலிக்கிறது.

விக்ரம் சிங் நம் ஊர்க்காரர் அல்லரே, அவர் பெயரை அவர் ஊர் எழுதட்டும் என்று சிலர் சொல்லக்கூடும். ஊர் தன் மகனுக்குக் கல் நடுவதே வழக்கம் என்பது உண்மை. ஆனால் கல் சொல்வது அவன் பட்ட பூசலை. காசிபத்ரிப் பூசலை ஒருவர் பெயரோடு எழுதினால் அது பாதிச் செய்தி.

அஸ்தினாபுரத்தில் ஒரு கல் நடுவதானால் அதில் பொறிக்க இவ்வளவு போதும்: 2014 ஏப்ரல் 25. ஷோபியான், காசிபத்ரி. 44ஆவது ராஷ்ட்ரிய ரைபிள்ஸ். தேர்தல் ஊழியரைத் தாக்கியோரைத் தேடிச் சென்று பட்டார் தாம்பரம் மேஜர் முகுந்த் வரதராஜன். அவரோடு பட்டார் சிப்பாய் விக்ரம் சிங்.